கொள்ளைக்காரன் தப்பிக்க வேண்டும் என்று நல்லவர்கள் மனம் ஏன் பதறுகிறது?

கும்பகோணத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற உங்கள் அப்பா, பத்து ரூபாய் கணக்கு உதைத்தால்கூட நேர்செய்யாமல் வீட்டுக்கு வராதவர். அவர் இப்போது ‘மணி ஹைஸ்ட்’ தொடரைத் தமிழ்க் குரலில் பார்த்துக்கொண்டு, “போலீஸ் வந்துடுவான், சீக்கிரம் போங்கடா” என்று கொள்ளையருக்காகப் பதறுகிறார். நீங்கள் ‘பிரேக்கிங் பேட்’ முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு, போதைப்பொருள் காய்ச்சிய ஆசிரியரைவிட அவருடைய மனைவிமீதுதான் எரிச்சல் வந்தது என்கிறீர்கள். பத்தாம் வகுப்புப் பையனும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நியாய உணர்வு மழுங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. குறை நம்மிடமா? தொடர் செய்யும் வேலையா? இந்தப் பழக்கம் வெளி வாழ்க்கைக்கும் ஒட்டிக்கொண்டு வருமா? முதல் இரண்டுக்கும் உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு ஓரளவுக்குத்தான். திரைக்கதை கட்டும் வேலையைப் படித்தவன், சொல்லித்தருகிறவன் என்ற முறையில் எழுதுகிறவர்களின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு தொடர்களின் முடிவும் வழியில் வரும். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதால் தயக்கமில்லை.

முதலில் அப்பாவின் விஷயம். அவருடைய காசாளர் மனசாட்சியைத் தூங்க வைப்பதற்கென்றே அந்தக் கதை கட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. முதல் கொள்ளையில் அவர்கள் நுழைவது வங்கிக்குள் அல்ல, மாட்ரிட் நகரத்து நாணயச் சாலைக்குள். இருக்கும் பணத்தை அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. உள்ளேயே உட்கார்ந்து புதுப் பணம் அச்சடிக்கிறார்கள். கடைசியில் 98 கோடியே 40 லட்சம் யூரோவோடு வெளியேறும்போதும், யாருடைய சேமிப்புக் கணக்கிலும் ஒரு பைசா பற்று விழவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி ஒன்றுமில்லாததிலிருந்து பணத்தை உண்டாக்கி வங்கிகளுக்குக் கொடுத்ததே, அதைத்தான் நானும் செய்கிறேன் என்று கொள்ளையரின் தலைவரான ‘பேராசிரியர்’ வாதாடும் இடத்தில் உங்கள் அப்பா தலையசைத்திருப்பார். ஏமாந்த வைப்பாளர் என்று ஒருவரும் கண்ணில் படாததால் அவருடைய பேரேடு நேராகிவிடுகிறது. பிணையாகப் பிடிபட்ட அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிர்பயத்தில் கழித்த நாட்களை எழுத அந்தப் பேரேட்டில் பத்தியே இல்லை.

அந்தப் பிணையாளிகளில் நமக்கு நெருக்கத்தில் காட்டப்படுபவர் யார்? ஆர்துரோ. நாணயச் சாலையின் இயக்குநர். கல்யாணமானவர், தன் செயலாளரைக் கர்ப்பமாக்கிவிட்டுக் கைகழுவப் பார்ப்பவர், கோழை, மற்றவர்களை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பவர். உண்மையில் அவர் துப்பாக்கி முனையில் அடைத்துவைக்கப்பட்ட ஓர் ஊழியர். ஆனால் அவரைக் கண்டாலே அறைய வேண்டும்போல இருக்கும். அவர் கைவிட்ட அதே பெண் கொள்ளையரில் ஒருவனைக் காதலித்து அந்தக் கூட்டத்தில் சேர்கிறாள். பேச்சுவார்த்தைக்கு வந்த பெண் காவல் அதிகாரியும் பிற்பாடு அந்தப் பக்கம் போய்விடுகிறார். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சிகள் எல்லாரும் பிறழ்சாட்சி ஆன பிறகு, பார்க்கிற நீதிபதி என்ன தீர்ப்புச் சொல்வார்?

ஆக, இரக்கம் தானாக ஊறிவருவதில்லை. எழுத்தாளர் எந்த மடையைத் திறக்கிறாரோ அந்த வயலுக்குத்தான் பாயும். எந்த மடை, எப்போது, எவ்வளவு நேரம் என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

இதற்கு வெளிநாட்டுக் கையேடு தேவையில்லை. உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் களங்களாக நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இருந்ததை இழப்பது, தன் நிலையிலிருந்து தளர்வது, இல்லாமை. இப்போது ‘பிரேக்கிங் பேட்’டின் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியல் ஆசிரியர் பள்ளி விட்டதும் கார் கழுவும் இடத்தில் இரண்டாவது வேலை பார்க்கிறார், அங்கே தன் மாணவனின் காரையே குனிந்து துடைக்கிறார்: இளிவு. ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி நுரையீரல் புற்றுநோய் தெரியவருகிறது: அசைவு. கர்ப்பிணி மனைவி, உடல் இயக்கக் குறைபாடுள்ள மகன், போதாத சம்பளம்: வறுமை. தான் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தில் தன் பங்கை 5,000 டாலருக்கு விற்றுவிட்டு, அது கோடிகோடியாக வளர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தவர் என்ற இழவு மட்டும் தவணைமுறையில் பின்னால் வருகிறது. மற்ற மூன்றும் ஆன பிறகுதான் அவர் கையில் குடுவை வருகிறது. தொடரின் முதல் காட்சியே பாலைவனத்தில் துப்பாக்கியோடுதானே ஆரம்பிக்கிறது என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் அங்கேயும் அவர் கால்சட்டைகூட இல்லாமல், பயந்துபோய், குடும்பத்திடம் அழுதபடி பேசும் ஆளாகத்தான் நிற்கிறார்.

அழுகை மட்டும் போதாது. அழுதுகொண்டே இருக்கும் ஆளை மூன்றாம் வாரம் யாரும் பார்க்கமாட்டார்கள். அதே இயல் பெருமிதத்துக்குச் சொல்லும் களங்கள் கல்வி, தறுகண், புகழ்மை, கொடை. ஆசிரியரின் வேதியியல் கல்வி. ரவுடியின் அறைக்குள் ஒற்றை ஆளாக நுழையும் தறுகண். ஹைசன்பர்க் என்ற புனைபெயருக்கு ஊரெல்லாம் வரும் புகழ். எல்லாம் என் குடும்பத்துக்காக என்ற கொடை. வேலையைச் சுத்தமாகச் செய்கிறவனைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது கோவில் தேர் கட்டும் ஆசாரியாக இருந்தாலும் பெட்டகம் உடைப்பவனாக இருந்தாலும் கண் அங்கேயே நிற்கும். தொடர் எழுதுகிறவர்கள் குற்றத்தின் செய்முறையை அத்தனை நுணுக்கமாகக் காட்டுவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது வரிசை. நான்காம் பருவத்தில் ஒரு சிறுவனுக்கு விஷம் வைக்கப்படுகிறது. வைத்தவர் ஆசிரியர்தான். ஆனால் அது அந்தப் பருவத்தின் கடைசி ஷாட்டில், வீட்டுப் பின்புறத்து நச்சுச் செடியைக் காமிரா நெருங்கும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் அவர் எதிரியை வீழ்த்திவிட்டார், நாமும் கைதட்டிவிட்டோம். அதே செய்தியை இரண்டு அத்தியாயம் முன்னால் வைத்திருந்தால் கைதட்டல் தொண்டையிலேயே நின்றிருக்கும். இன்னொன்று: மருத்துவச் செலவைத் தான் ஏற்பதாகப் பழைய கூட்டாளி முதல் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்திலேயே முன்வருகிறார், ஆசிரியர் மறுத்துவிடுகிறார். பணத்துக்காக வேறு வழியில்லாமல் செய்தார் என்ற வாதம் அங்கேயே செத்துவிட்டது. எத்தனை பேர் கவனித்தோம்? கடைசி அத்தியாயத்தில் அவரே, எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ளும்போது பலர் அதிர்ந்தார்கள். 62 அத்தியாயங்கள் ஒருவரோடு இருந்த பிறகு, அவரே தன்மேல் சாட்டும் குற்றத்தைக்கூட நாம் மறுக்கப் பார்க்கிறோம்.

மூன்றாவது, அடிபடுகிறவனை முன்கூட்டியே அழுக்காக்குவது. மாஃபியா கும்பலின் கதையான ‘தி சொப்ரானோஸ்’ 1999இல் தொடங்கியபோது, ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகன் மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்தில், காட்டிக்கொடுத்த பழைய கூட்டாளி ஒருவனைத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பார்வையாளர் நாயகனைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அதை ஒளிபரப்பிய எச்பிஓ நிர்வாகம் அஞ்சியது. கொல்லாமல் விட்டால்தான் நம்பமாட்டார்கள் என்று படைப்பாளி டேவிட் சேஸ் வாதாடினார். சமரசமாக, அந்தக் காட்டிக்கொடுத்தவன் இப்போதும் போதைப்பொருள் விற்கிறான், நாயகனைக் கொல்ல ஆள் தேடுகிறான் என்று காட்சிகள் சேர்ந்தன. கொலை மாறவில்லை. கொல்லப்பட்டவன்தான் மாற்றப்பட்டான்.

இது எவ்வளவு எளிது என்று நம்ம ஊரிலேயே ஒரு தொடர் கட்டிக் காட்டுகிறேன். நாயகன் சீர்காழிக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் இரண்டு ஏக்கர் கடைமடை விவசாயி. முதல் அத்தியாயம்: ஜூன் 12 வந்துபோகிறது, மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போச்சு. சம்பாவுக்கு நேரடி விதைப்பு; அதுவும் கருகுகிறது. சங்கத்தில் அடகு வைத்த மனைவியின் நகைக்கு ஏல நோட்டீஸ் வருகிறது, பெயரைச் சத்தமாக வாசிக்கிறார்கள், சம்பந்தி வீட்டார் அங்கே நிற்கிறார்கள். இரண்டாம் அத்தியாயம்: மச்சானின் மாட்டுவண்டியில் ராத்திரி மணல். போலீஸ் லாரிகளை விட்டுவிட்டு வண்டிமாட்டைப் பிடிக்கிறது. பார்த்தவுடன் நமக்கு ரத்தம் கொதிக்கும். ஐந்தாவதில் சொந்த டிப்பர், எட்டாவதில் பொக்லைன். தடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலர் ஒரு கிழவியிடம் பட்டா மாற்ற லஞ்சம் வாங்கியதை நான்காவதிலேயே காட்டியிருப்பேன். ஆகவே பத்தாவதில் அவர் அடிபடும்போது நீங்கள் சோபாவின் நுனிக்கு வந்திருப்பீர்கள்.

இந்தத் தொடரில் நான் காட்டாமல் விடுவது என்னென்ன? ஆற்றுப்படுகை தாழ்ந்து உப்புநீர் மேலேறி, ஆழ்குழாய்த் தண்ணீர் கரித்துப்போன பக்கத்து ஊர். அள்ளிய குழியில் தண்ணீர் நின்று, ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கிய பிள்ளை. அந்தப் பிள்ளையின் தாயை இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று நிமிடம் சமையலறையில் காட்டிவிட்டால் என் தொடர் படுத்துவிடும். பன்னிரண்டாவதில் செய்தித்தாளின் மூலையில் இரண்டு வரியாகக் காட்டினால் ஒன்றும் ஆகாது. நாயகன் அதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் மௌனமாக இருப்பான், நீங்கள் அவனுக்காக வருத்தப்படுவீர்கள்!

எழுதப் பழகுகிறவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். நாயகன் செய்யும் குற்றத்தின் அளவு முக்கியம் என்று நினைத்து அதைச் சின்னதாக்குகிறார்கள். நூறு கோடி கொள்ளையடிப்பவனை ஏற்றுக்கொள்ளும் சபை, பேருந்து நிலையத்தில் கிழவியின் சங்கிலியை அறுத்தவனை ஏற்காது. காரணம் தொகை அல்ல, கிழவிக்கு முகம் இருக்கிறது. மார்கரெத் ப்ரூன் வாகெ என்ற திரை ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட நூலில் இதே போன்ற ஒன்றைச் சுட்டுகிறார்: அமெரிக்கத் தொடர்களில் நாயகன் கொலை செய்யலாம், மன்னிப்பு உண்டு, பாலியல் வன்முறை செய்பவன் வில்லன் பக்கத்துக்குப் போய்விடுவான். திரையின் எல்லைக்கோடு தண்டனைச் சட்டத்தின் வரிசைப்படி போவதில்லை.

இதெல்லாம் ஓடிடி வந்த பிறகு வந்த கேடு என்று நினைக்க வேண்டாம். சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வார், அடியார்க்கு அன்னமிட வழிப்பறி செய்தவர் என்றே குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கடைசியில் மணமகன் கோலத்தில் வந்த பெருமாளையே மறித்துக் கொள்ளையிடுகிறார். அந்த வேடுபறியை ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விழாவின் இராப்பத்து எட்டாம் நாள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். பெருமாள் தங்கக் குதிரையில் வருவார், கூட்டம் கொள்ளையனைப் பார்த்து உருகும். அதே மரபுக் கதை, அரங்கன் கோவில் திருப்பணிக்காக அவர் நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கொண்டுவந்து உருக்கினார் என்றும் சொல்கிறது. மறுநாள் காலை வந்து வெறும் பீடத்தைப் பார்த்த நாகப்பட்டினத்து பௌத்தர்களுக்கு அந்தக் கதையில் வசனம் கிடையாது. பக்தியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மடை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் டெல்டாவில் எனக்குக் கிடைக்கவில்லை.

காத்தவராயன் கதை வேறு வகை. திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் காவல் தெய்வமாக நிற்கும் அவன், உயர்குலத்துப் பெண் ஆரியமாலையைக் கொண்டுபோனதற்காகக் கழுவேற்றப்பட்டவன். அவனுக்காக அழுகிறவர்கள், குற்றவாளிமீது இரக்கப்படுவதாக நினைப்பதில்லை. அந்தத் தண்டனை நியாயமா என்று கேட்கிறார்கள். சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியிலிருந்து பிறக்கும் இரக்கத்தையும், சாமர்த்தியமாகக் காமிரா வைத்ததால் பிறக்கும் இரக்கத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ‘மணி ஹைஸ்ட்’ இரண்டாவது வகையாக இருந்துகொண்டு முதல் வகையின் வேடத்தைப் போட்டுக்கொள்கிறது என்பது என் அபிப்பிராயம். மறுக்கலாம்.

ஆய்வுலகம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். பார்வையாளர் முதலில் ஒழுக்கத்தை எடைபோட்டு, பிறகு பிடித்தவர் பிடிக்காதவர் என்று பிரிக்கிறார் என்று டால்ஃப் ஸில்மன் 1970களில் ஒரு கோட்பாடு வைத்தார். குற்ற நாயகர்களுக்கு அது பொருந்தவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: பிடித்துப்போவது முதலில் நடக்கிறது, அதற்கேற்ற நியாயத்தைப் பிறகு தேடுகிறோம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நிஜவாழ்க்கையில் மனிதர் தம் தப்புக்குச் சொல்லும் சமாதானங்களை வகைப்படுத்தியிருந்தார்: உயர்ந்த நோக்கத்துக்காக, அவனைவிட நான் மேல், என்னைச் செய்ய வைத்தார்கள், அடிபட்டவனுக்கு அது வேண்டியதுதான். நாயகனின் சார்பில் இதையே நாம் சோபாவில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறோம். திரை ஆய்வாளர் மர்ரே ஸ்மித் 1995இல் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டினார்: ஒருவனோடு கூடவே போய் அவன் பார்ப்பதைப் பார்ப்பது ஒன்று, அவன் பக்கம் சேர்ந்துகொள்வது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே தீரும் என்றில்லை. தொடரின் நீளம்தான் இரண்டையும் ஒட்டவைக்கிறது. இதுவரை சொன்னது உறுதியான தரை.

கதைக்குள் வளைந்த தீர்ப்பு வெளியே வந்த பிறகும் வளைந்தே இருக்குமா என்பது சேறு. இந்தத் துறையின் சோதனைகளில் பெரும்பகுதி, சிறு காட்சித் துண்டைக் காட்டிவிட்டு உடனே வினாத்தாள் நீட்டுபவை. ஐந்து பருவம் பார்த்தவரின் பத்து வருட நடத்தையைப் பற்றி அவை பேசமுடியாது. கண்முன் தெரியும் சான்று உங்கள் அப்பாவேதான்: தெருவில் ஏலச்சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவனை அவர் இன்றைக்கும் மன்னித்திருக்கமாட்டார். கற்பனையில் இரக்கம் காட்ட யாருக்கும் எதுவும் செலவில்லை, அதனால் தாராளமாகக் காட்டுகிறோம். அவரை விட்டுவிடுங்கள், பார்க்கட்டும்.

உங்களுடைய விஷயம்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. குற்றவாளிமீது வந்த இரக்கத்துக்காக அல்ல, அந்த மனைவிமீது வந்த எரிச்சலுக்காக. ஸ்கைலர் என்ன செய்தாள்? பொய் சொல்கிற கணவனிடம் உண்மை கேட்டாள், பிள்ளைகளை அவரிடமிருந்து தள்ளிவைக்கப் பார்த்தாள். பிறகு அவளும் தவறுகள் செய்கிறாள், கறுப்புப் பணத்தை வெளுக்க உதவுகிறாள். ஆனால் அவள்மீதான வெறுப்புக்குக் காரணம் அந்தத் தவறுகள் இல்லை. கதையின் ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றாள், அவ்வளவுதான். அந்த வெறுப்பு திரையோடு நிற்கவுமில்லை. பாத்திரத்தை நடித்த அன்னா கன் தன்மீதே பாய்ந்த வசைகளைப் பற்றி 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் எழுத வேண்டியிருந்தது. கேள்வி கேட்கும் மனைவியைத் தொல்லை என்று பார்க்கும் பழக்கம் தொடருக்கு முன்பே நம்மிடம் இருந்தது, தொடர் அதைச் சொடுக்கிவிட்டது என்பது என் கணிப்பு. நிரூபணம் கேட்டால் தரமுடியாது. ஆனால் வெளிவாழ்க்கைக்கு ஒட்டிவரும் அபாயம் எங்காவது இருக்கிறதென்றால் இங்கேதான் இருக்கிறது. மெத் காய்ச்ச யாரும் கிளம்பப் போவதில்லை. வீட்டில் கணக்குக் கேட்கிறவளைப் பார்த்துச் சலித்துக்கொள்வது நாளைக்கே நடக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பிடித்த ஓர் அத்தியாயத்தை மறுபடி போடுங்கள். கையில் ஒரு தாள். அந்த அத்தியாயத்தில் கெடுதல் பட்டவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் மூன்று குறிப்பு: அவர் வீடு காட்டப்பட்டதா, அடிபட்ட பிறகு அவர் முகம் எத்தனை விநாடி திரையில் இருந்தது, அடிபடுவதற்குமுன் அவரைப் பற்றி என்ன கெட்ட செய்தி நமக்குச் சொல்லப்பட்டது. பெயரே தெரியாதவர் எத்தனை பேர் என்று பார்த்தால் நீங்களே திகைப்பீர்கள். பிறகு கொலைக் காட்சியை மட்டும் ஒலியை அணைத்துப் பாருங்கள். பின்னணி இசை செய்துகொண்டிருந்த வேலை தெரியும். வசனம் முக்கியமான காட்சியில் இது பலிக்காது, சண்டையும் துரத்தலும் உள்ள இடத்தில் நன்றாகப் பலிக்கும். கடைசியாக, நடந்ததை மாவட்டப் பக்கத்துச் செய்தி மாதிரி ஐந்து வரியில் எழுதுங்கள்: தனியார் வீட்டு அடித்தளத்தில் வாலிபர் சடலம், பள்ளி ஆசிரியரிடம் விசாரணை. காரணங்கள் எல்லாம் உதிர்ந்து செயல் மட்டும் நிற்கும். ரசனை கெட்டுவிடுமே என்று பயப்பட வேண்டாம். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகு நல்ல தொடர் இன்னும் நன்றாகவே இருக்கும், மோசமானதுதான் கழன்றுவிடும்.

பையனைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயதுக்குறி போட வேண்டும்; 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். உங்கள் கணக்கின் அமைப்புப் பகுதியில் அவனுக்குத் தனி முகப்பு போட்டு, உங்கள் முகப்புக்குக் கடவுஎண் வையுங்கள். பதினைந்து வயதுக்காரனுக்கு நீங்கள் சொன்ன இரண்டு தொடர்களும் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கனவே பாதி பார்த்துவிட்டதைப் பறித்தால் செல்போனில் பார்ப்பான். அந்த நிலைமையென்றால் கூட உட்கார்ந்து முடித்துவிடுங்கள். குறியீடு ரத்தம், வசை, ஆபாசம் ஆகியவற்றைத்தான் எச்சரிக்கும். மடை எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் அத்தியாயம் முடிந்து சாப்பிடும்போது, உபதேசத் தொனி இல்லாமல்: இன்றைக்கு யார் வாயே திறக்கவில்லை? ஆர்துரோ நல்லவனாக இருந்திருந்தால் இந்தக் கதையை எப்படி எழுதியிருப்பார்கள்? பெரும்பாலும் அந்த வயதுப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பதில் சொல்லிவிடுவார்கள். அவன் “இருந்தாலும் புரொஃபசர்தான் ஜெயிக்கணும்” என்றால் விட்டுவிடுங்கள், வாதாட வேண்டாம்.